கல்லூரி ஆய்விதழ் நடத்தப் போகிறீர்களா? மதிப்பாய்வுக்கு ஆகும் மறைமுகச் செலவை முதலில் கணக்கிடுங்கள்

துறையிலிருந்து ஓர் ஆய்விதழ் கொண்டுவரலாம் என்று முடிவாகி, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில், தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டுரை வாங்கும் சமூக அறிவியல் ஆய்விதழின் நிர்வாக ஆசிரியராக இருந்து பட்ட பாட்டை வைத்து எழுதுகிறேன்.

தொடங்கும்போது நிர்வாகத்திடம் போகும் திட்ட அறிக்கையில் வழக்கமாக மூன்று செலவுகள் இருக்கும்: இணையதளம், அச்சு, வெளியீட்டு விழா. மதிப்பாய்வாளர்கள், அதாவது கட்டுரையை வெளியிடலாமா என்று படித்துச் சொல்லும் துறை வல்லுநர்கள், காசு வாங்காமல்தானே பார்த்துத் தருகிறார்கள் என்று மதிப்பாய்வுக்கு ஒரு வரிகூட ஒதுக்க மாட்டார்கள். அவர்கள் காசு வாங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் யாரிடம் அனுப்பலாம் என்று தேடுவது, கேட்பது, பதில் வராவிட்டால் அடுத்தவரைப் பிடிப்பது, நினைவூட்டுவது, வந்த அறிக்கையைப் படித்து முடிவுக் கடிதம் எழுதுவது, கோபமாக எழுதும் கட்டுரையாளருக்குப் பதில் சொல்வது என்று எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்தாக வேண்டும். 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க மதிப்பாய்வாளர்கள் செலவிட்ட நேரம் 10 கோடி மணி நேரத்தைத் தாண்டும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் அலுவலகத்தில் இருந்து இதையெல்லாம் ஓட்டுபவரின் நேரம் சேரவில்லை. உங்கள் இதழின் மிகப் பெரிய செலவு அந்த நேரம்தான்.

1. முதலில் ஆளை உறுதி செய்யுங்கள், எழுத்தில்

இணையதளத்துக்கு முன்னால் இது. "எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம்" என்று தொடங்கும் இதழில் கடைசியில் ஒரே ஒருவர்தான் பார்ப்பார், அதுவும் இரவு பத்து மணிக்கு மேல். யார் நிர்வாக ஆசிரியர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதற்கு ஈடாக எந்த வகுப்பு அல்லது எந்தக் குழுப் பணி குறையும், அவர் விடுப்பில் போனால் யார் என்று முதல்வர் கையெழுத்துடன் ஓர் உத்தரவு வாங்குங்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. அதன்மேல் நாக் தர மதிப்பீட்டு வேலை, தேர்வு, சேர்க்கை எல்லாம் இருக்கின்றன. எதையும் குறைக்காமல் இதழை மட்டும் ஏற்றினால் தாமதமாவது மதிப்பாய்வுதான், ஏனென்றால் அதன் தாமதம் மட்டும்தான் உடனே வெளியில் தெரியாது.

கூடவே இன்னொன்று. இதழுக்கான மின்னஞ்சலைத் தனிநபர் ஜிமெயிலில் தொடங்காதீர்கள். ஒரு கல்லூரியில் இதழின் கணக்கு ஓய்வு பெற்ற பேராசிரியரின் கைபேசி எண்ணோடு இணைந்திருந்தது. கடவுச்சொல் மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் அவரைத் தேடிப் போய் ஓ.டி.பி. கேட்க வேண்டியிருந்தது. பதவிப் பெயரில், கல்லூரி டொமைனில், மீட்பு எண் அலுவலகத் தொலைபேசியாக இருக்கும்படி கணக்கு திறவுங்கள்.

2. நேரக் கணக்கைத் தாளில் போடுங்கள்

நிர்வாகத்துக்குப் புரியும்படி ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். எண்களை உங்கள் துறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 60 கட்டுரைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வந்ததைப் பதிவு செய்து, கோப்புகளைச் சரிபார்த்து, ஒப்புமை (வேறு எழுத்திலிருந்து நகலா என்று) பார்த்து, ஆசிரியர் ஒருவர் மேலோட்டமாகப் படிப்பதற்குக் கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம்: 90 மணி நேரம். அதில் 24 கட்டுரைகள் வாசலிலேயே திரும்புகின்றன. காரணம் சொல்லிக் கடிதம் எழுத அரை மணி வீதம் 12 மணி நேரம். மீதி 36 மதிப்பாய்வுக்குப் போகின்றன. மதிப்பாய்வாளர் தேடல், அழைப்பு, நினைவூட்டல், அறிக்கை படித்தல், முடிவு, திருத்திய வடிவத்தின் இரண்டாம் சுற்று எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 6 மணி நேரம்: 216 மணி நேரம். கடைசியில் 18 ஏற்கப்படுகின்றன. மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, டி.ஓ.ஐ. (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) பதிவு என்று ஒன்றுக்கு 8 மணி நேரம்: 144 மணி நேரம்.

கூட்டினால் 462 மணி நேரம். மாதத்துக்கு ஏறக்குறைய 39. வெளியான ஒரு கட்டுரைக்கு 26 மணி நேரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மணிக்கு 200 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் ஆண்டுக்கு 92,400 ரூபாய்; ஒரு கட்டுரைக்கு 5,000 ரூபாய்க்கு மேல்.

இதில் கவனிக்க வேண்டியது நிராகரித்த கட்டுரைகள். வெளியானவை 18 தான், ஆனால் உழைத்தது 60-க்கும். இதழ் கண்டிப்பாக இருக்க இருக்க, வெளியாகும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆகும் செலவு கூடும். "இருபது கட்டுரைக்கு இவ்வளவு நேரமா?" என்று முதல்வர் கேட்டால், இந்த இடத்தைக் காட்டுங்கள். நன்றாக வடிகட்டும் இதழ்தான் அதிக நேரம் தின்னும்.

3. ஐ.எஸ்.எஸ்.என்., கொள்கைப் பக்கங்கள்

இந்தியாவில் இதழ்களுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை டெல்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர்-நிஸ்பர் நிறுவனத்தின் தேசிய அறிவியல் நூலகம் வழங்குகிறது. கட்டணம் கிடையாது. இணையவழி விண்ணப்பம்தான். "நாங்க வாங்கித் தர்றோம்" என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். அச்சுக்கு ஓர் எண், மின்வடிவத்துக்குத் தனி எண். இதழின் பெயரைப் பெரிதாக மாற்றினால் புதிய எண் வாங்க வேண்டிவரும்; அதனால் பெயரைக் குழுவில் நன்றாக விவாதித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அப்புறம், இந்த எண் அடையாள எண் மட்டுமே, தரச் சான்று கிடையாது. விளம்பரத்தில் அப்படி எழுதாதீர்கள்.

இணையதளத்தில் முதல் நாளே இருக்க வேண்டிய பக்கங்கள்: மதிப்பாய்வு முறை (இருபக்கமும் பெயர் மறைத்தா, ஒருபக்கமா, குறைந்தது எத்தனை பேர்), கட்டணம் (இல்லை என்றால் இல்லை என்று), பதிப்புரிமையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும், முறையீடு, வெளியான கட்டுரையைத் திரும்பப் பெறுதல். பதிப்பு நெறிகளுக்கான கோப் அமைப்பின் வழிமுறைப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் படித்து உங்கள் அளவுக்கு எழுதுங்கள். வேறு இதழின் பக்கத்தை அப்படியே ஒட்டினால், நீங்கள் பின்பற்றவே முடியாத விதிகளும் சேர்ந்து வந்துவிடும்.

4. மென்பொருள் இலவசம், அதை ஓட்டுவது இலவசமில்லை

பெரும்பாலான சிறிய இதழ்கள் பி.கே.பி. குழுவின் ஓ.ஜே.எஸ். என்ற இதழ் நடத்தும் மென்பொருளில்தான் ஓடுகின்றன. நானும் அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுவும்போது கட்டுரைக் கோப்புகள் சேரும் ஃபோல்டரை இணையத்திலிருந்து நேரடியாகத் திறக்க முடியாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பழைய பதிப்பை அப்டேட் செய்யாமல் விட்டால் சூதாட்ட விளம்பரங்கள் உள்ளே புகுந்துவிடும். கேப்சா போடாவிட்டால் போலிப் பயனர்கள் ஆயிரக்கணக்கில் பதிவாவார்கள். அந்தக் குப்பையில் உண்மையான மதிப்பாய்வாளரின் பெயரைத் தேடுவது தனி வேலை.

அதைவிடப் பெரிய சிக்கல் மின்னஞ்சல். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர் சரிபார்ப்பைக் கடுமையாக்கிவிட்டன. கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டிகிம் பதிவுகளை டொமைனில் சேர்க்காவிட்டால் உங்கள் அழைப்புகள் ஸ்பாம் பெட்டிக்குப் போகும். மதிப்பாய்வாளர் பதிலே தரவில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். அவர் கடிதத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். நிறுவி முடித்ததும் ஜிமெயில், யாஹூ, ஏதாவது ஒரு பல்கலைக்கழக முகவரி மூன்றுக்கும் சோதனை அழைப்பு அனுப்பிப் பாருங்கள். தானியங்கி நினைவூட்டல் உண்மையிலேயே போகிறதா என்றும் சோதியுங்கள். அதற்காகக் குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணியைச் சர்வரில் அமைக்காவிட்டால், திரையில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், ஒரு கடிதமும் போயிருக்காது.

கல்லூரியின் துணை டொமைனைப் பயன்படுத்துவது மலிவு. ஆனால் கல்லூரித் தளத்தைப் புதுப்பிக்கும் நிறுவனம் மாறும்போது இதழின் முகவரிகளும் சேர்ந்து அழிந்துபோக வாய்ப்பு உண்டு. தனி டொமைனும் ஹோஸ்டிங்கும் பேக்கப்பும் என்று ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஒதுக்கிவிடுங்கள்.

5. வந்த கட்டுரையை வாசலிலேயே சோதியுங்கள்

தமிழ்க் கட்டுரை என்றால் முதல் சோதனை எழுத்துரு. இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கட்டுரைகள் வருகின்றன. ஒப்புமை மென்பொருளுக்கு அது தமிழாகவே தெரியாது. வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அதனால் ஒப்புமை சுழியம் என்று காட்டும். ஒரு வரிகூட நகலெடுக்காத கட்டுரை என்று நினைத்துவிடக் கூடாது. மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கினால், இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் துணைநூற்பட்டியலும் தமிழ்க் கிறுக்கலாக மாறி நிற்கும். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துச் சரிசெய்வது மணிக்கணக்கான வேலை. யூனிகோடில் இல்லாத கட்டுரை பதிவாகாது என்று கட்டுரையாளர் வழிகாட்டியின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு விதி மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒப்புமை அறிக்கையின் விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சங்கப் பாடல்களை நீளமாக மேற்கோள் காட்டும் கட்டுரையில் அந்த அடிகளே நகல் என்று நிறம் காட்டும். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. உங்கள் கட்டுரையாளர்கள் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். நீங்கள் அறிக்கையைத் திறந்து, எந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கும் நேரம் ஆகும்.

அடுத்தது பெயர் மறைப்பு. முதல் பக்கத்தில் பெயரை அழித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வேர்டு கோப்பின் பண்புகளில் கட்டுரையாளர் பெயர் இருக்கும். ஓரத்துக் குறிப்புகளில் நெறியாளர் பெயர் இருக்கும். "என் முனைவர் பட்ட ஆய்வில் நிறுவியபடி" என்று அடிக்குறிப்பில் ஒரு வரி இருக்கும். நன்றியுரை இருக்கும். வேர்டில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' ஓட்டி எல்லாவற்றையும் நீக்குங்கள். மதிப்பாய்வாளர் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பும் கோப்பிலும் இதையே செய்யுங்கள். பலரும் மறப்பது இந்தத் திரும்பும் வழியைத்தான்.

6. மதிப்பாய்வாளர் தேடல்: நேரத்தில் பாதி இங்கேதான் போகும்

ஒரு கட்டுரைக்கு இரண்டு அறிக்கை வேண்டும் என்றால் இரண்டு பேரைக் கேட்டால் கிடைக்காது. ஒருவர் பதிலே போட மாட்டார். ஒருவர் "செமஸ்டர் முடியட்டும் சார்" என்பார். ஒருவர் ஒப்புக்கொண்டு மறைந்துவிடுவார். நான்காமவர் இரண்டே நாளில் அனுப்புவார்: 'நல்ல கட்டுரை, வெளியிடலாம்.' அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஐந்தாமவரைத் தேட வேண்டும். இது விதிவிலக்கில்லை, வாடிக்கை. அதனால் தொடக்கத்திலேயே ஐந்தாறு பெயர்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, ஒருவர் மறுத்த அன்றே அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

அழைப்பில் தலைப்பு, சுருக்கம், பக்க அளவு, கெடு, எத்தனை கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்பது இருக்கட்டும். 'முடியாவிட்டால் ஒரு வரி போதும், வேறு யாரையாவது சொல்லுங்கள்' என்று சேர்த்தால் மறுப்பவர்களும் பயன்படுவார்கள். சம்மதம் சொல்ல ஒரு வாரம், அறிக்கைக்கு நான்கு வாரம் என்பது எங்களுக்கு ஒத்துவந்த கெடு. கெடுவுக்கு ஐந்து நாள் முன்பு ஒரு நினைவூட்டல், முடிந்த மறுநாள் இன்னொன்று. அதற்குப் பிறகும் வராவிட்டால் தொலைபேசியில் பேசுங்கள். தமிழ்நாட்டில் கடிதத்தைவிடத் தொலைபேசி அழைப்புக்குத்தான் வேலை நடக்கும்.

காலத்தைக் கவனியுங்கள். நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் எல்லாரும் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருப்பார்கள். அப்போது அனுப்பினால் கெடு தாண்டும். ஜூலை, ஆகஸ்டு, பிறகு பொங்கல் முடிந்து பிப்ரவரி ஆகியவைதான் நல்ல மாதங்கள். கட்டுரை அழைப்பின் கடைசித் தேதியை இதற்குத் தக்கபடி பின்னோக்கி எண்ணி வையுங்கள்.

யார், எந்தத் துறை, எப்போது கேட்டோம், எத்தனை நாளில் தந்தார், அறிக்கை எப்படி இருந்தது என்று ஒரு விரிதாள் முதல் நாளிலிருந்தே வையுங்கள். ஒரே ஆளை ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் கேட்காதீர்கள். பலர் மதிப்பாய்வுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். பணி உயர்வுக் கோப்பில் வைப்பதற்காக. அவர்கள் தரும் உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது. உடனே அனுப்புங்கள், ஆனால் கட்டுரைத் தலைப்பு அதில் வேண்டாம்.

மிக முக்கியமான பொறி ஒன்று உண்டு. கட்டுரையாளரே பரிந்துரைக்கும் மதிப்பாய்வாளரின் முகவரியை அப்படியே பயன்படுத்தாதீர்கள். 2014-ல் சேஜ் பதிப்பகம் அதிர்வியல் துறை இதழ் ஒன்றிலிருந்து 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. போலிக் கணக்குகளில் கட்டுரையாளர் தரப்பே மதிப்பாய்வு எழுதிக்கொண்டது தெரியவந்ததுதான் காரணம். 2023-ல் ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி. பரிந்துரைத்த பெயரைப் பல்கலைக்கழக இணையதளத்தில் தேடி, அங்கே உள்ள முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தையும் மேலே சொன்ன 6 மணி நேரத்தில் சேருங்கள்.

7. டாலரில் கட்ட வேண்டியவை

டி.ஓ.ஐ. எண்ணுக்கு கிராஸ்ரெஃப் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். சிறிய பதிப்பாளர்களுக்கான ஆண்டுச் சந்தா பல ஆண்டுகளாக 275 டாலர். மிகச் சிறிய அமைப்புகளுக்கு இதைவிடக் குறைந்த படியும் உண்டு. போக, புதிய கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர். அவர்கள் வழியாகவே ஒப்புமைச் சேவை எடுத்தால் சந்தாவில் 20 விழுக்காடு கூடுதல். ஆண்டுக்கு முதல் 100 கோப்புகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழகத்தில் இன்ஃப்லிப்நெட்டின் ஷோத்சுத்தி வழியாக ஒப்புமை மென்பொருள் இருந்தால், வெளியார் கட்டுரையையும் அதில் சோதிக்கலாமா என்று நூலகரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொகையைவிடச் சிரமம் அதைக் கட்டுவது. கல்லூரிக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியும் ஆடிட்டரும் படிவங்கள் கேட்பார்கள். பில் வருவதற்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். பில் எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்றும் பாருங்கள். பணி மாறிப் போனவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தால் சேவை நிற்கும்போதுதான் தெரியும்.

கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்கி இதைச் சமாளிக்கலாமா? வாங்கினால் முழுத் தொகையையும் தளத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். முடிவு சொல்வதற்கு முன்னால் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். பணம் கைமாறிய பிறகு நிராகரிக்கும் துணிவு எந்த ஆசிரியர் குழுவுக்கும் குறைந்துதான் போகும்.

8. டி.ஓ.ஏ.ஜே. பட்டியல்

யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் பட்டியலான கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டது. அதில் சேர்த்துத் தருகிறோம் என்று இன்னும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களுக்கு, அத்தகைய இதழ்களின் உலகப் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே. நல்ல இலக்கு, விண்ணப்பம் இலவசம். ஓராண்டுக்கு மேல் வெளிவந்திருக்க வேண்டும் அல்லது 10 கட்டுரைகளாவது வெளியிட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்து ஆய்வுக் கட்டுரையாவது வேண்டும். ஆசிரியர், குழு உறுப்பினர், மதிப்பாய்வாளர் எழுதியவை ஓர் இதழில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கல்லூரி இதழ்கள் விழும் குழி இதுதான், ஏனென்றால் முதல் இதழை நிரப்ப நம் துறையினரே எழுதுவார்கள். நிராகரித்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அவசரப்படாமல் விண்ணப்பியுங்கள்.

9. தகராறுக்கும் நேரம் ஒதுக்குங்கள்

முறையீடு, இரட்டைச் சமர்ப்பிப்பு, பெயர் சேர்க்கச் சொல்லித் தகராறு என்று ஆண்டுக்குச் சில வரத்தான் செய்யும். ஒவ்வொன்றும் சாதாரணக் கட்டுரையைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். எல்லாக் கடிதத்தொடர்பும் ஓ.ஜே.எஸ். வழியாகவே நடக்கட்டும். வாட்ஸ்அப்பில் சொன்ன முடிவுக்கு ஆவணம் இருக்காது. ஏற்ற கட்டுரையோ நிராகரித்த கட்டுரையோ, மதிப்பாய்வு அறிக்கைகளை அழிக்காமல் வையுங்கள்.

10. நிர்வாகத்திடம் எப்படிக் கேட்பது

மேலே உள்ள மாதிரிக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஆள் நேரம் 92,400 ரூபாய். கிராஸ்ரெஃப் சந்தாவும் 18 கட்டுரைகளுக்கான பதிவும் சேர்த்து 25,000 ரூபாயை ஒட்டி. ஒப்புமைச் சேவைக்கு 5,000. டொமைன், ஹோஸ்டிங் 10,000. மொத்தம் ஏறக்குறைய 1,32,000 ரூபாய். அதில் 70 விழுக்காடு ஆள் நேரம். அச்சு வேண்டுமென்றால் அது தனி.

அவ்வளவு தர முடியாது என்றால் சண்டை வேண்டாம், வேலையைக் குறையுங்கள். ஆண்டுக்கு நான்கு இதழ் என்று அறிவித்திருந்தால் இரண்டு ஆக்குங்கள், இரண்டு என்றால் ஒன்று. கட்டுரை வாங்கும் சாளரத்தை ஆண்டு முழுக்கத் திறந்து வைக்காமல் ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை மட்டும் திறவுங்கள். மதிப்பாய்வாளர்களும் கையில் நேரம் உள்ள மாதங்களில் கிடைப்பார்கள், நிர்வாக ஆசிரியரின் வகுப்புக் குறைப்பையும் ஒரே பருவத்துக்குக் கேட்டு வாங்கிவிடலாம்.